பிரவுசர் ஏன் திடீரென்று மக்கர் பண்ணுகிறது? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவர், கொலுசுப் பட்டறைக்காரர், ஆடிட்டர் ஆபீஸ் பையன், ஏற்காட்டில் காட்டேஜ் வாடகைக்கு விடுகிறவர் என்று யார் வந்தாலும் "நெட் வரல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். திறந்து பார்த்தால் நெட் நன்றாகவே வந்துகொண்டிருக்கும். பிரவுசருக்குக் கீழே விண்டோஸ் இருக்கிறது. மேலே எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் நாமாகச் சேர்க்கும் சின்னத் துணைப் புரோகிராம்கள், ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எதிர்முனையில் சைட். இவற்றில் ஏதோ ஒன்று வெர்ஷன் மாறியிருக்கும், அல்லது மாறாமல் நின்றுபோயிருக்கும். அந்த வகைக் கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

"நான் எதையும் தொடலைங்க. நேத்து வரைக்கும் ஓடின சைட் இன்னிக்கு ஏன் ஓடலை?"

நீங்கள் தொடவில்லை என்பது உண்மைதான். பிரவுசர் தன்னைத்தானே மாற்றிக்கொள்கிறது. குரோமில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த புது வெர்ஷனை 2021 செப்டம்பரில் 94ஆம் வெர்ஷனோடு நான்கு வாரத்துக்கு ஒன்றாகச் சுருக்கினார்கள். ஃபயர்பாக்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே அந்த வேகத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து பிரவுசரை மூடித் திறந்தால் நம்பர் ஏறியிருக்கும்.

கோளாறு எங்கே என்று பார்க்க எனக்குப் பழகிப்போன வரிசை இது. முதலில் இன்காக்னிட்டோ என்ற தனி விண்டோவில் அதே சைட்டைத் திறக்கிறேன். நீங்களாக அனுமதித்திருந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே சரியாக வந்தால், ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனோ, சைட் பிரவுசரில் விட்டுவைத்த பழைய குறிப்பான குக்கியோதான் குற்றவாளி. அங்கேயும் வரவில்லையென்றால் வேறு பிரவுசர். அதிலும் வரவில்லையென்றால் போன் டேட்டாவில் அதே முகவரி. போனிலும் வராவிட்டால் சைட்டே படுத்திருக்கிறது, வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வரலாம்.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. எல்லா சைட்டும் ஒரே நேரத்தில் 'பாதுகாப்பற்றது' என்று சிவப்புக் காட்டினால், கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய வருஷத்தில் விழித்துக்கொள்ளும். சைட் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது என்பதால் பிரவுசர் கதவைச் சாத்திவிடும். பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. இதற்குப் போய் பார்மட் போட்டுக் காசு வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

"விண்டோஸ் 7 நல்லாத்தான் ஓடுது. குரோம் மட்டும் ஏன் அப்டேட் ஆக மாட்டேங்குது?"

குரோம் 109தான் விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் கடைசி. 2023 தொடக்கத்தோடு முடிந்தது. எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு 2016ல் 49ஆம் வெர்ஷனோடு இதே கதை நடந்தது. ஃபயர்பாக்ஸ் கொஞ்சம் இரக்கம் காட்டியது: 115 ஈ.எஸ்.ஆர். என்ற நீண்டகால வெர்ஷனை விண்டோஸ் 7க்காகவே தள்ளித் தள்ளி நீட்டித்தார்கள். அதுவும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்குத்தான், புது வசதிகளுக்கு அல்ல.

109 இன்னும் திறக்கத்தானே செய்கிறது என்பீர்கள். திறக்கும். புது சைட்டுகளை எழுதுகிறவர்கள் புது பிரவுசரில் மட்டும் இருக்கும் வசதிகளைப் பயன்படுத்த ஆரம்பித்ததும், ஒவ்வொரு சைட்டாக பட்டன் வேலை செய்யாது, பக்கம் வெள்ளையாக நிற்கும். பில் போடும் சாஃப்ட்வேருக்காக அந்தக் கம்ப்யூட்டரை விட முடியவில்லையென்றால், நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு பில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலையை அதில் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. ஆனால் அதன் கடைசிப் பதிப்பில் எட்ஜ் பிரவுசருக்கு 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் 10 வைத்திருப்பவர்கள் பிரவுசருக்காகப் பதற வேண்டாம்.

"என் போனிலும் இப்படி ஆகுமா?"

ஆகும். ஆண்ட்ராய்டு 7ல் குரோம் 119ஓடு நின்றது. 8, 9 இரண்டிலும் 138ஓடு. ரொம்பப் பழைய போனில், அதாவது 7.1.1க்கும் கீழே, சான்றிதழ்ச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழை ஏராளமான சைட்டுகள் பயன்படுத்துகின்றன. அதன் மூலச் சான்றிதழ் அந்தப் போன்களில் இல்லை. பழைய இன்னொரு நிறுவனத்தின் கையெழுத்தை இரவல் வாங்கிச் சமாளித்தார்கள். அந்த ஏற்பாடும் 2024ல் முடிந்தது.

"யூடியூப்ல விளம்பரம் வராம இருக்க ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக் குடுத்தீங்களே அண்ணா, அது தானா அணைஞ்சிருக்கு?"

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், குறிப்பாகக் கல்லூரிப் பிள்ளைகள். யூபிளாக் ஆரிஜின் போன்ற எக்ஸ்டென்ஷன்கள் மேனிஃபெஸ்ட் 2 என்ற விதிமுறைப்படி எழுதப்பட்டவை. கூகுள் அதைக் கைவிட்டு மேனிஃபெஸ்ட் 3க்கு மாறியது. 2024ல் எச்சரிக்கை காட்ட ஆரம்பித்து, பிறகு தானாக அணைத்து, 2025ல் குரோம் 139 வந்தபோது நிறுவனங்களுக்கு விட்டுவைத்திருந்த கடைசி விலக்கையும் எடுத்துவிட்டார்கள்.

உள்ளே என்ன மாறியது? பழைய முறையில், பக்கம் ஒவ்வொரு படத்தையும் ஸ்கிரிப்டையும் கேட்கும்போது பிரவுசர் நின்று எக்ஸ்டென்ஷனிடம் "விடவா, தடுக்கவா?" என்று கேட்கும். கல்யாண மண்டப வாசலில் பெண் வீட்டார் ஒருவர் நின்று வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து உள்ளே விடுவது மாதிரி. புதிய முறையில் அந்த ஆளை வாசலிலிருந்து அனுப்பிவிட்டு, பெயர்ப் பட்டியலை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். பட்டியலில் இருக்கும் விதியைப் பிரவுசரே பார்த்துச் செய்துகொள்ளும். எக்ஸ்டென்ஷன் நீங்கள் பார்ப்பதையெல்லாம் உளவு பார்க்க முடியாது, வேகமும் கூடும் என்பது கூகுள் சொல்லும் காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு உறுதியாகக் கிடைக்கும் விதிகளின் எண்ணிக்கை 30,000தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் எல்லா எக்ஸ்டென்ஷனும் பங்குபோடும் பொதுக் கிடங்கிலிருந்து எடுக்க வேண்டும். விளம்பரக் கம்பெனிகள் தினம் ஒரு வேஷம் போடும்போது, சூழ்நிலை பார்த்து முடிவெடுக்கும் ஆள் வாசலில் இல்லாதது குறைதான். விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனியே விளம்பரத் தடுப்பானின் கையைக் கட்டுவதை நான் வெறும் தற்செயலாக நினைக்கவில்லை.

செய்யக்கூடியது இரண்டு. குரோமிலேயே இருக்க வேண்டுமென்றால் யூபிளாக் ஆரிஜின் லைட் போட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலான விளம்பரங்களை அதுவே பிடிக்கும். முழுசாக வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸ். அங்கே பழைய முறையையும் வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றிருக்கிறார்கள்.

"ஃபயர்பாக்ஸ்ல முன்னாடி இருந்த எக்ஸ்டென்ஷன் எல்லாம் எங்கே போச்சு? பழைய தமிழ் சைட்டைப் படிக்க ஒண்ணு இருந்துச்சே?"

இதைக் கேட்கிறவர்களுக்கு எப்படியும் நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நீங்கள் சொல்வது பத்மா என்று நினைக்கிறேன்.

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகை சைட்டும் தனக்கென ஒரு எழுத்துருவையும் குறியேற்றத்தையும் வைத்திருந்தது. அந்த எழுத்துருவை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவாமலே காட்டுவதற்கு நெட்ஸ்கேப்பில் ஒரு முறை, இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் வேறொரு முறை. ஃபயர்பாக்ஸ் இரண்டையும் ஏற்கவில்லை. அதனால் எக்ஸ்புளோரரில் தமிழாகத் தெரிந்த பக்கம் ஃபயர்பாக்ஸில் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். பத்மா அந்தக் குப்பையைப் பக்கம் திறக்கும்போதே யூனிகோடாக மாற்றிக் காட்டியது.

அந்தக் காலத்து ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன்கள் பிரவுசரின் எந்த உறுப்பையும் தொடலாம்: மெனு, டேப், கருவிப்பட்டை எல்லாவற்றையும். அதனாலேயே அவ்வளவு சக்தி, அதனாலேயே அவ்வளவு தலைவலி. பிரவுசரின் உள்ளே ஒரு ஆணியை நகர்த்தினாலும் எங்கோ ஒரு எக்ஸ்டென்ஷன் விழும். எனவே ஒவ்வொன்றும் 'இந்த வெர்ஷனிலிருந்து இந்த வெர்ஷன் வரை ஓடும்' என்று தன் கோப்பில் எழுதி வைத்திருக்கும். 2011ல் வேக வெளியீட்டுக்கு மாறி ஆறு வாரத்துக்கு ஒரு நம்பர் ஏறத் தொடங்கியதும், நன்றாக ஓடக்கூடிய எக்ஸ்டென்ஷன்களும் நம்பர் தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக முடக்கப்பட்டன. எக்ஸ்டென்ஷன் அடங்கிய எக்ஸ்.பி.ஐ. கோப்பை ஜிப்பாக மாற்றித் திறந்து, உள்ளே அதிகபட்ச வெர்ஷன் நம்பரைக் கையால் திருத்தி மறுபடி கட்டுவது அப்போது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. 2012 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 10தான், வேறு விதமாகத் தெரியாதவரை ஒத்துப்போகும் என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தது.

2017 நவம்பர் 14ல் வந்த ஃபயர்பாக்ஸ் 57ஓடு அந்தப் பழைய ரகம் மொத்தமும் போய்விட்டது. பிரவுசரைப் பல தனித்தனி இயக்கங்களாகப் பிரித்து வேகமாக்க நினைத்தார்கள். எல்லா உறுப்பையும் தொடும் எக்ஸ்டென்ஷன்கள் அதற்குக் குறுக்கே நின்றன. குரோமின் பாணியில் வரையறுக்கப்பட்ட கதவுகள் வழியாக மட்டும் பேசும் வெப்எக்ஸ்டென்ஷன்தான் இனி என்றார்கள். திரும்ப எழுத ஆள் இல்லாதவை அப்படியே நின்றுவிட்டன. முடிவு சரியானதுதான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஆனாலும் சின்ன மொழிகளுக்காக யாரோ ஓய்வு நேரத்தில் எழுதிய கருவிகளுக்குத்தான் இப்படிப்பட்ட மாற்றங்களில் அடி முதலில் விழுகிறது.

இன்று பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்பைப் படிக்க வேண்டுமென்றால், எழுத்துரு மாற்றி தரும் சைட்டில் ஒட்டி யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். தமிழில் தட்டச்சு செய்யவும் எக்ஸ்டென்ஷன் தேவையில்லை. விண்டோஸ் 10ன் 2019 மே அப்டேட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது.

"டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் குத்தியிருக்கேன், ஜி.எஸ்.டி. சைட்ல காட்டலை. ஆடிட்டர் சார் திட்டுறாரு."

டோக்கன் என்பது டிஜிட்டல் கையெழுத்தை வைத்திருக்கும், பென்டிரைவ் மாதிரியான கருவி. முன்பு அதைப் படிக்கும் வேலையைச் சைட்டுக்குள்ளேயே ஓடும் ஜாவா ஆப்லெட் என்ற சின்னப் புரோகிராம் செய்தது. அது ஓடுவதற்கு என்.பி.ஏ.பி.ஐ. என்ற பழைய ப்ளக்-இன் வாசல் வேண்டும். குரோம் அந்த வாசலை 2015 செப்டம்பரில் 45ஆம் வெர்ஷனில் மூடியது; ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் 52ல் வீடியோவும் அனிமேஷனும் ஓட்டும் ஃபிளாஷைத் தவிர மற்றவற்றுக்கு மூடியது. ஃபிளாஷும் 2020 டிசம்பர் 31ஓடு முடிந்தது.

பிரவுசர் நேரடியாக டோக்கனைத் தொட முடியாது என்றானதும், உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராமைத் தனியாக ஓடவிட்டு, சைட் அதனோடு பேசும் முறை வந்தது. ஜி.எஸ்.டி.க்கு எம்சைனர், வருமான வரிக்கு எம்பிரிட்ஜ். ஆகவே இப்போது பார்க்க வேண்டியது பிரவுசரை மட்டுமல்ல. டோக்கனின் டிரைவர் நிறுவியிருக்கிறதா? அந்தப் புரோகிராம் உண்மையிலேயே ஓடுகிறதா, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டால் சரியாகிறதா? ஆன்டிவைரஸ் அதைத் தடுத்துவைத்திருக்கிறதா? வேறு வேறு சைட்டுக்காகப் போட்ட இரண்டு கையெழுத்துப் புரோகிராம்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா?

2025 இறுதியில் குரோம் 142ல் புதிதாக ஒன்று சேர்ந்தது. வெளியே இருக்கும் சைட் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமையோ வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் கருவியையோ தொட முயன்றால், அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரலாம். பையன்கள் எந்தப் பெட்டி வந்தாலும் 'பிளாக்' அடித்துப் பழகியிருக்கிறார்கள். அப்படி அடித்திருந்தால் முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன ஐகானைத் தட்டி, அந்த அனுமதியைத் திரும்பக் கொடுங்கள். அரசு சைட்டுக்கு மட்டும். சினிமா டவுன்லோடு சைட்டுக்கு இல்லை.

"எக்ஸ்புளோரர்ல மட்டும்தான் திறக்கும்னு ஒரு சைட் சொல்லுது. எக்ஸ்புளோரரையே காணோமே?"

எக்ஸ்புளோரர் 11ஐ 2022 ஜூன் 15ல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எட்ஜின் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போய் ஐ.இ. மோடை அனுமதித்தால் அந்தப் பக்கம் மட்டும் பழைய எஞ்சினில், அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் எக்ஸ்புளோரரின் உள்பகுதியில், திறக்கும். குறைந்தது 2029 வரை இருக்கும் என்கிறது மைக்ரோசாஃப்ட்.

"புது பிரவுசர்தான் போட்டிருக்கேன். 'உங்கள் பிரவுசர் மிகப் பழையது'ன்னு சைட் சொல்லுதே?"

சைட் பொய் சொல்கிறது, அதுவும் பழைய பரம்பரை வழியாக. ஒவ்வொரு பிரவுசரும் சைட்டிடம் தன் பெயரையும் வெர்ஷனையும் ஒரு வரியில் சொல்லும். 1990களில் சில சைட்டுகள் நெட்ஸ்கேப்பின் உட்பெயரான மொசில்லாவைப் பார்த்தால்தான் நல்ல பக்கத்தைக் கொடுத்தன. அதனால் எக்ஸ்புளோரரும் தன்னை மொசில்லா என்றது. அதன் விளைவு, இன்று குரோம், எட்ஜ், சஃபாரி எல்லாமே 'மொசில்லா/5.0' என்றுதான் பேச்சைத் தொடங்குகின்றன.

எண்ணிலும் இதே கூத்து. 2009ல் ஓபரா 10 வந்தபோது பல சைட்டுகள் முதல் எண்ணை மட்டும் படித்து, பத்தை ஒன்று என்று எடுத்துக்கொண்டன. ஓபரா வேறு வழியில்லாமல் தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டது. 2022ல் மார்ச்சில் குரோமும் மே மாதம் ஃபயர்பாக்ஸும் 100ஐத் தொட்டபோது, இரண்டு இலக்கம் மட்டும் படிக்கும் சைட்டுகள் அதை 10 என்று படிக்குமே என்று மறுபடி கவலை. இம்முறை முன்கூட்டியே சோதிக்க வழி செய்து கொடுத்ததால் பெரிய சேதமில்லை. இன்னும் அப்படி ஒரு சைட் அகப்பட்டால் அதை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். உங்கள் பிரவுசரில் தவறில்லை.

"பழைய வெர்ஷனுக்கே திரும்பிப் போயிடலாமா?"

வேண்டாம். புது வெர்ஷன் உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டு, ஹிஸ்டரி கோப்புகளைத் தன் வடிவத்துக்கு மாற்றியிருக்கும். பழையது அதைப் படிக்கத் தடுமாறும். 2019ல் வந்த ஃபயர்பாக்ஸ் 67இலிருந்து பழைய வெர்ஷன் புரொஃபைல் எனப்படும் அந்தக் கோப்புத் தொகுப்பைத் திறக்கவே மறுத்துவிடும், புதிதாக ஒன்று தொடங்கச் சொல்லும். அடிக்கடி மாற்றம் பிடிக்காத ஆபீஸுக்கு ஃபயர்பாக்ஸ் ஈ.எஸ்.ஆர். போட்டுக் கொடுக்கிறேன்: தோற்றமும் வசதிகளும் சுமார் ஒரு வருஷம் அப்படியே இருக்கும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும்.

"ஏங்க, எதுக்கு எப்பப் பார்த்தாலும் டிசைனை மாத்துறாங்க?"

சிலவற்றுக்குக் காரணம் உண்டு. முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படத்தைக் குரோம் 2023 செப்டம்பரில் எடுத்துவிட்டது. பூட்டு இருந்தால் சைட் நாணயமானது என்று ஜனங்கள் நம்பினார்கள். திருட்டு சைட்டுக்கும் அதே பூட்டு கிடைத்துக்கொண்டிருந்தது. எடுத்தது நல்லது.

சிலவற்றுக்குக் காரணம் சொன்னாலும் மனசு ஒப்பவில்லை. டவுன்லோடு ஆன கோப்பு கீழே பட்டையாக நிற்கும் அல்லவா, அதை அதே ஆண்டு மேலே வலது மூலைக்கு ஒரு சின்ன அம்புக்குறியாக மாற்றினார்கள். கொஞ்ச காலம் "ரிட்டர்ன் டவுன்லோடே ஆகலைங்க" என்று வந்தவர்களின் கம்ப்யூட்டரில் ஒரே கோப்பு வரிசையாக நம்பர் போட்டுக் குவிந்து கிடக்கும். ஃபயர்பாக்ஸும் 29, 57, 89 என்று மூன்று முறை முகம் மாற்றியது. 89ல் டேப்பை முகவரிப் பட்டையிலிருந்து பிரித்து அந்தரத்தில் மிதக்கவிட்டது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

"எந்த பிரவுசர் நல்லது?"

எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, ஜோஹோ 2023ல் வெளியிட்ட உலா எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. குரோமில் திறக்காத சைட் இவற்றிலும் திறக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்று எஞ்சின் வேண்டுமென்றால் விண்டோஸில் ஃபயர்பாக்ஸ்தான். குரோமியம் ரகத்தில் ஒன்று, ஃபயர்பாக்ஸ் ஒன்று என்று இரண்டு வைத்திருங்கள். பேங்குக்கும் வரிக்கும் ஒதுக்கும் பிரவுசரில் எக்ஸ்டென்ஷனே போடாதீர்கள்.

"எக்ஸ்டென்ஷன் அவ்வளவு ஆபத்தா?"

'எல்லா சைட்டிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்' என்று அனுமதி கேட்கிறதே, அதற்கு அப்படியே அர்த்தம்: உங்கள் பேங்க் பக்கமும் அதில் சேர்த்தி. கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன், பயன்படுத்தாத டேப்புகளைத் தூங்கவைத்து மெமரியை மிச்சம் பிடிக்கும் நல்ல கருவியாகத்தான் இருந்தது. எழுதியவர் 2020ல் அதை வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் நீக்கியது. இடையில் கைமாறியது பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

"போன்ல எக்ஸ்டென்ஷன் போடலாமா?"

ஆண்ட்ராய்டு குரோமில் முடியாது. ஃபயர்பாக்ஸில் முடியும், 2023 டிசம்பரிலிருந்து நிறைய திறந்துவிட்டிருக்கிறார்கள்.

"ஏற்காட்டுல எஸ்டேட் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான். எதையாவது போட்டு வேகமாக்க முடியுமா?"

குரோமில் டேட்டாவை மிச்சப்படுத்தும் லைட் மோடு இருந்தது, 2022 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஓபரா மினி இன்னும் பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்புகிறது. செய்தி படிக்க அருமை, ஆனால் அதிகம் சுருக்கும் நிலையில் உங்கள் பக்கம் இன்னொருவர் சர்வர் வழியாகப் போகிறது என்பதால் பணம் அனுப்ப வேண்டாம். அங்கே உண்மையில் கைகொடுப்பது விளம்பரத் தடுப்பான்தான், பல பக்கங்களில் கனமே விளம்பரத்தில்தான் இருக்கிறது. ரூம் புக்கிங் மாதிரி அவசர வேலை இருந்தால், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு வருவதற்கு முன் அண்டை எஸ்டேட்டில் வேறு கம்பெனி சிம் எடுக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

"பார்மட் போடப் போறேன். குரோம் ஃபோல்டரைக் காப்பி எடுத்து வெச்சா போதுமா?"

புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. விண்டோஸில் குரோம் அவற்றை உங்கள் விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டி வைக்கிறது. புது விண்டோஸில் சாவி பொருந்தாது. ஒன்று, கூகுள் கணக்கில் சின்க் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ்வேர்டு மேனேஜரில் எக்ஸ்போர்ட் கொடுத்து சி.எஸ்.வி. கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு, பிறகு இம்போர்ட் செய்ய வேண்டும். அந்தக் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். எந்தக் கடைக் கம்ப்யூட்டரிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், என் கடையிலும்தான்.